ஒன்பதாவது கேள்வி

மார்ச் பதினான்காம் தேதி, காலை பத்தேகாலுக்கு, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் நாற்பத்தொன்றாம் எண்காரருக்குக் கடைசிச் சோதனை நடந்தது.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையர். வயது எழுபத்திரண்டு. மறதி நோயின் தொடக்கம்.

வயதானவர்களின் ஞாபகசக்திக்கு உடற்பயிற்சி உதவுமா என்று பார்க்கும் ஆய்வு அது. பாதிப் பேர் ஆறு மாதம் கீழ்த்தளக் கூடத்தில் சைக்கிள் மிதித்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் இருக்க வேண்டும். புதிதாக எந்தப் பயிற்சியும் கூடாது. யார் எந்தப் பக்கம் என்று கணினி குலுக்கிப் போட்டது. அளவையர் வழக்கம்போல் இருக்க வேண்டியவர்களில் விழுந்தார்.

சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுத் தட்டு வைக்காமல் உட்காரவைக்கிறீர்களே என்று அவர் மனைவி அன்றைக்கே கேட்டாள். ஒப்பிட ஆள் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவளுக்குப் புரிந்தது. மனசுதான் ஒப்பவில்லை.

விதி மீறாமல் முடிப்பவர்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இதே மருத்துவர், ஸ்கேன், மருந்து எல்லாம் இலவசம். வெளியே அந்த வைத்தியம் அவர்கள் கைக்கு எட்டாதது.

அதனால் யாருக்கும் தெரியாமல் செய்தாள். தினமும் விடிந்ததும் குடியிருப்பின் மாடிப்படிகளில் கணவரை ஏற்றி இறக்கினாள். லிஃப்ட் என்றால் இவருக்குத் தலைசுற்றும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள்.

அவரே உளறிவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு இல்லை. காலையில் நடந்தது பத்து மணிக்குள் அவர் மண்டையிலிருந்து போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் நோயே அவளுக்குக் கூட்டாளி.

முதல் எட்டுக் கேள்விகள் தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது என்று போயின. அளவையர் இரண்டு இடத்தில் தடுமாறினார்.

ஒன்பதாவது: இன்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?

இதற்கு ஒரு முறை உண்டு. பதில் முடியும்வரை கூட வந்தவர் வாய் திறக்கக்கூடாது. முடிந்ததும் அவரிடம் சரிதானா என்று கேட்பார்கள். அவர் ஆமாம் என்றால்தான் மதிப்பெண்.

செப்டம்பரில் இதே கேள்விக்கு, ஆற்றோரம் ஒரு வயலை அளந்துவிட்டு நேரே வருவதாக அளவையர் சொன்னார். மனைவி இல்லை என்று தலையசைத்தாள். வீடு போய்ச் சேரும்வரை அவர் அவளோடு பேசவில்லை.

இன்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தரைக்கு எழுந்தாராம். பல் விளக்கி, வெந்நீர் குடித்துவிட்டு, மனைவியோடு படியேறினாராம். நான்கு மாடி, ஆறு தடவை. மாடிக்கு இருபத்திரண்டு படி. மூன்றாவது மாடிக்கு மட்டும் இருபத்தொன்று. கட்டினவன் ஒன்றை முழுங்கிவிட்டானாம். நாலாவது சுற்றில் மனைவிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதாம். அவரைப் போகச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி நின்று சுற்றை எண்ணினாளாம். எண்ணுவதில் இவளை நம்ப முடியாது என்று அவரும் தனியாக எண்ணினாராம்.

மனைவி இருமினாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

சோதனை எடுக்கும் பெண்ணின் பேனா நின்றது. தினமும் ஏறுவீர்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

"தினமும்தாம்மா. இங்க சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. அதுவும் ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து அந்தப் பெண் பார்த்ததில்லை.

விதிப்படி அவள் அளவையரின் மனைவி பக்கம் திரும்பினாள். சார் சொன்னது சரிதானா?

இல்லை என்று சொன்னால் போதும். கற்பனை என்று எழுதிப் பூஜ்யம் போடுவார்கள். மூன்று ஆண்டு வைத்தியம் கையில் இருக்கும். நடக்காததை நடந்ததாகச் சொல்லும் நோயாளிகள் அந்த அறைக்குப் புதிதல்ல.

அளவையரும் திரும்பி அவளைப் பார்த்தார். தான் அளந்ததை மேலதிகாரி சரிபார்க்கும்போது நிற்பவரைப் போலக் காத்திருந்தார்.

மனைவி ஜிப்பை மூடினாள்.

"சரிதாம்மா. மூணாவது மாடியில ஒரு படி கம்மின்னு எனக்கே இப்பதான் தெரியும்."

ஒன்பதாவது கேள்விக்கு முழு மதிப்பெண் விழுந்தது.

அடுத்த வாரம் நாற்பத்தொன்றாம் எண் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் விதிமீறல் என்று எழுதினார்கள். இலவச வைத்தியத்துக்குக் கொடுத்திருந்த அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஆய்வறிக்கை வெளியானது. பயிற்சி செய்யாத பிரிவில் ஒருவருக்கும் முன்னேற்றம் இல்லை என்று அதில் இருந்தது.