மூன்றாவது நோயாளி

ஷாமளா இறந்து நாற்பது நாள் கழித்து, மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க அவள் கணவர் ஹேமநாதன் மாசாயிலிருந்து மருத்துவமனைக்கு வந்தார். உடம்பெல்லாம் கொப்புளித்துத் தோல் உரியும் பெம்பிகஸ் அவளுக்கு. கடைசி இரண்டு வருடம் வாழையிலையில்தான் படுத்திருந்தாள். தோல் கையோடு வந்துவிடுமோ என்று பயந்து, அவர் அவள் கையைப் பிடித்ததே இல்லை.

"அபூர்வ வியாதி அங்கிள். நம்ம கிளினிக்ல மொத்தமே மூணு பேர்தான்," என்றாள் தோல் பிரிவு நர்ஸ், மிஸ்ஸி ஜோஆன்.

"இனி ரெண்டு பேர் மிஸ்ஸி."

"இல்லையே, மூணுதான். ஷாமளா ஆன்ட்டி போன வாரம்கூட வந்து டிரிப் ஏத்திக்கிட்டாங்க லா. வளையல் எல்லாம் போட்டிருந்தாங்க. நீங்கதான் கூட வரல."

ஹேமநாதன் கேட்டார்:

"கை ஆறிடுச்சா?"

"நல்லா ஆறிடுச்சு. பிடிச்சுதானே ஊசி போட்டேன். கதகதன்னு இருந்துச்சு."

"அடுத்து எப்ப வருவா?"

"இன்னைக்குத்தான், பத்து மணிக்கு."

மணி ஒன்பதே முக்கால். அவர் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. அதன் கைப்பிடிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.