லோகநாதனின் விரல்

பனியன் கம்பெனியில் நின்றபடியே வேலை பார்த்த சுகன்யாவுக்குத் தீராத முட்டிவலி. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், தெருமுனையிலிருக்கும் தானியங்கி மருந்துப் பெட்டி விரல் ரேகையைப் பார்த்துத்தான் மாத்திரை தரும். ஆயுளுக்கும் ஆளுக்கு இத்தனைதான் என்று அளவு உண்டு. அவளுடையது நாற்பது வயதிலேயே தீர்ந்துபோனது. வேலையை விட முடியாது. நான்கு வருடமாகத் தினமும் அவள் கணவன் லோகநாதன் தன் விரலை வைத்து, விழுந்த மாத்திரையை அவளுக்குக் கொடுத்தான்.

இப்போது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் லோகநாதன் தன்னுடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்கச் சொன்னான்.

டாக்டரம்மா திரையில் அவன் விரலுக்கான கணக்கைப் பார்த்தார்.

"ஆயிரத்து நானூறு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. உங்க கிட்னியைச் சோதிக்கவே அனுமதி கிடையாது."

"அதுல ஒண்ணுகூட நான் முழுங்கலீங்க மேடம். எல்லாம் அவளுக்குத்தானுங்க கொடுத்தேன்."

"எல்லாப் புருஷங்களும் இதையேதான் சொல்றாங்க."

வெளியே பெஞ்சில் சுகன்யா வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஏனுங்க, முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உங்க விரல்ல இன்னும் மிச்சமிருக்குதுங்களா?"

பதினொன்று இருந்தது. அவன் மருந்துப் பெட்டியைத் தேடிப் போனான்.