காளையைச் சாய்க்க ஒரு மானிட்டர்

“எனக்கு எண்பத்தஞ்சுதானுங்கப்பா வேணும். அறுவதுல ஆடி ஆடித்தான் தெனமும் சாகறேன்!”

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சுரேந்தர் போட்ட சத்தத்தில், பிரிண்டர் வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய அப்பா லிங்கசாமி முப்பது மெஷின் ஓட்டும் பனியன் கம்பெனி முதலாளி. அவர் ஒன்றும் விளங்காமல், கடைக்காரரான அந்தோணிராஜைப் பார்த்தார்.

“தம்பி ஹெர்ட்ஸைச் சொல்லுதாரு அண்ணே. ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படம் புதுசா விழுதுங்கற கணக்கு.”

“அப்படிச் சொல்லுங்க! நிமிசத்துக்கு எத்தன சுத்துங்கற நம்ம நிட்டிங் மெசினு ஆர்பிஎம்மாட்ட!” லிங்கசாமிக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

விஷயம் இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரையும், அதே காம்பவுண்டுக்குள் இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டர்களையும் ஒரே கேபிளில் இணைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கேபிள் வழியாகத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்று அமர்க்களமாக நடக்கும். கம்பெனிப் பக்கமிருந்து ‘காளை’ என்ற பெயரில் யாரோ வந்து, சுரேந்தரைச் சுட்டுத் தள்ளிவிட்டுப் போவார்கள். மூன்று மாதத்தில் அவன் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை. சுட்டதோடு விட்டாலும் பரவாயில்லை, ‘போய்ச் சாப்பிடு’ என்று திரையில் எழுதி வேறு அனுப்பும் அந்தக் காளை. அந்த நக்கலைப் பார்க்கும்போதெல்லாம் பையனுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியில் டிசைன் போடும் திருமூர்த்தி மேல்தான் அவனுக்குச் சந்தேகம். “நான் ஒரு மணிக்கெல்லாம் ஊட்டுக்குச் சோத்துக்குப் போயிருவனுங்க” என்று திருமூர்த்தி சாமி மேல் சத்தியம் செய்துவிட்டான்.

ஆத்திரத்தில் சுரேந்தர் ஒரு சவடால் விட்டிருந்தான். நாளை மதியமும் காளையிடம் தோற்றால், ஒரு மாதம் கம்பெனியில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறானாம்! டெய்லர்கள் எல்லோரும் அவனுக்காகக் கத்தரிக்கோலைத் தீட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

“இருக்கற டிவிக்கு என்ன கேடுங்க? நல்லாத்தான தெரியுது?” என்றாள் அம்மா வேலாத்தாள். கம்பெனியில் செக்கிங் மேசையைப் பார்த்துக்கொள்பவள் அவள். அவளுக்கு இந்தக் கொள்முதலே பிடிக்கவில்லை.

“அது டிவி இல்லீங்கம்மா, மானிட்டரு!”

“என்ன எழவோ. இருக்கறது போதுங்கறேன்.”

“பையன் ஆசப்படறான், வாங்கிக் குடுத்தர்லாம் புள்ள” என்றார் லிங்கசாமி. சுரேந்தருக்கு அப்பாவைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

அந்தோணிராஜ் இரண்டு மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயிர் கொடுத்தார். ஒன்று புதிதாக வந்திருந்த ஒல்லி மானிட்டர். ரெசல்யூஷன் அதிகம், ஆனால் அறுபது ஹெர்ட்ஸ்தான். இன்னொன்று பின்புறம் பெருத்த பழைய மாதிரி டியூப் மானிட்டர். ரெசல்யூஷன் கொஞ்சம் குறைவு, ஆனால் எண்பத்தைந்து ஹெர்ட்ஸ்.

லிங்கசாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, ரெண்டுலயும் செவப்பு ஒரே செவப்பா இல்லியே? சாய லாட் மாறிப்போச்சா?”

அந்தோணிராஜ் சிரிப்பை அடக்குவதற்குள் வேலாத்தாள் முந்திக்கொண்டாள்.

“வாங்கறதுதான் வாங்கறீங்க, ஒல்லியா இருக்கறதையே எடுங்க. எழுத்தெல்லாம் பொடிசா, எத்தன தெளிவா தெரியுது பாருங்க!”

சுரேந்தர் வாயைப் பிளந்தான். கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற அம்மா, இரண்டு மடங்கு விலையுள்ளதை எடுக்கச் சொல்கிறாள்!

“அது எழுத்துப் படிக்கத்தானுங்கம்மா நல்லாருக்கும். ஆள் ஓடுனா பொறத்தால வாலாட்ட இழுக்கும். நான் குறி பாக்கறதுக்குள்ள காளை என்னயச் சுட்டுப்போடும்.”

“பேச்சு எதுக்கு? ஆடிப் பாத்துக்கிடுங்க” என்று அந்தோணிராஜ் டியூப் மானிட்டரில் அந்த விளையாட்டையே ஓடவிட்டார்.

சுரேந்தர் உட்கார்ந்தான். அடேயப்பா! திரை துளியும் நடுங்கவில்லை. மூலையிலிருந்து வந்த மூன்று பேரை மூன்று குண்டில் சாய்த்துவிட்டு, நாற்காலியோடு எகிறிக் குதித்தான்.

வேலாத்தாள் கண்ணை இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எண்பத்தஞ்சுக்கு அத்தன வித்தியாசமாங் தம்பி?” என்று அந்தோணிராஜிடம் மெதுவாகக் கேட்டாள்.

“பின்ன இல்லையாம்மா? எதிராளி தல நீட்டுதப்பவே பளிச்சுனு தெரிஞ்சிரும்லா!”

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தன் பேச்சு எடுபடவில்லையே என்ற வருத்தமாக்கும் என்று நினைத்த சுரேந்தர், பாவம் என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

“இதையே கட்டுங்க” என்றார் லிங்கசாமி.

“நாளைக்கு காளை செத்துதுங்கப்பா!” கடையே அதிரும்படி விசில் அடித்தான் சுரேந்தர்.

அந்தோணிராஜ் பில் புத்தகத்தைத் திறந்தார். வேலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையருகே வந்தாள்.

“தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு சேத்துக் கட்டுங்க. கம்பெனி ஆபீசுக்கு.”

“ஆபீசுக்கு எதுக்கு புள்ள?” என்று திகைத்தார் லிங்கசாமி.

“நல்லாருக்குதுங்க உங்க நாயம்! உங்க மகன் எண்பத்தஞ்சுல ஆடுவான், நான் மட்டும் அறுவதுலயே ஆடோணுமா?”