எட்டாத கிளட்ச்

"சீட்டை மட்டும் நகர்த்தாதீங்க பாய். வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

பத்மாவதி இப்படிச் சொன்னதும் அப்துல் மஜீத் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். உக்கடத்தில் அவர் பட்டறைக்கு வராத வண்டி இல்லை, வந்துபோகாத பிடிவாதக்காரர்களும் இல்லை. ஆனால் கிளட்சுக்குக் கால் எட்டாமல் சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, அந்தச் சீட்டை முன்னால் தள்ளக்கூடாது என்று அடம்பிடிக்கும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார்.

வண்டி என்னவோ அழகாகத்தான் வந்திருந்தது. பின்பக்கம் நீண்ட பழைய ஸ்டேஷன் வேகன். பெரியநாயக்கன்பாளையத்தில் மூடிப்போன ஒரு மில்லின் ஷெட்டில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியை பத்மாவதியின் மகன் யஷ்வந்த் ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். அவனுடைய முதல் கார். எஞ்சினுக்கு உயிர் கொடுத்து, வீட்டு வாசலில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். மிச்ச வேலையை முடித்துத் தாருங்கள் என்று போன சித்திரையில் பத்மாவதிதான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

வேலை லேசுப்பட்டதாக இல்லை. தரைத்தகடு தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. மஜீத் அதை மொத்தமாக வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்தார். எலி கடித்துத் துப்பியிருந்த வயரிங்கையும் முழுதாக மாற்றினார். அப்புறம் யஷ்வந்த் ஆசைப்பட்டபடியே பின்னால் இரண்டு பேர் படுக்க மடக்குக் கட்டில், ஜன்னல்களுக்குத் திரை, கூரைமேல் கேரியர், உடம்பு முழுக்க மாம்பழ மஞ்சள் பெயின்ட். முன் சீட்டுக்கு உறைகூட மாற்ற வேண்டாம் என்று பத்மாவதி சொல்லியிருந்ததால் அந்தக் கிழிந்த ரெக்ஸின் மட்டும் திருஷ்டிப் பொட்டு மாதிரி அப்படியே இருந்தது.

இதற்கிடையில் பத்மாவதி டிரைவிங் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய அவருக்கும் இதுதான் முதல் கார். இன்றைக்குத் தானே ஓட்டிக்கொண்டு ஆழியாறு வரைக்கும் போவதாக ஏற்பாடு. அது மகன் போட்ட திட்டமாம். அதற்குத்தான் இப்போது இந்தக் கால் இடைஞ்சல் செய்கிறது.

பத்மாவதி முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்துப் பார்த்தார். கிளட்சை மிதித்ததும் தலையணைதான் அமுங்கியது. மஜீத் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். மகன் கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கிறான் என்பது அவர் கணக்கு. இந்தக் காலத்தில் பிள்ளையின் வண்டிக்காக அம்மா பட்டறைக்கு அலைந்தால் வேறென்ன அர்த்தம்?

"ஏனுங்கம்மணி, தம்பி ஊருக்கு வந்தா அந்த லிவரைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளுனாப் போதும். சீட்டு பின்னால போயிருமுங்க. இதுக்கா இத்தனை யோசனை?"

பத்மாவதி ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவன் வரமாட்டானுங்க பாய். போன தைல, நீலாம்பூர் பைபாஸ்ல... பைக்குல போனவன் போனவன்தானுங்க."

 மஜீத் கைலியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். இத்தனை மாதமாகத் தம்பி எப்போது வருவார், தம்பிக்கு இந்த மஞ்சள் பிடிக்குமா என்று வாய் ஓயாமல் கேட்டதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

பத்மாவதி அழவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் யஷ்வந்தின் துணிமணிகளை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். பார்த்துப் பார்த்து இவர் மருகக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் அவன் அறைக்கும் வெள்ளையடித்துக் கட்டிலைக்கூட எடுத்துவிட்டார்களாம். அவன் வைத்தது வைத்தபடி இருப்பது இந்தச் சீட்டு ஒன்றுதான். சாவதற்கு முதல் நாள் சாயங்காலம் இதில் உட்கார்ந்து, தன் காலுக்குத் தக்கபடி தள்ளிவைத்துக்கொண்டு வாசலில் ஓட்டியிருக்கிறான்.

"இன்னைக்குத்தானுங்க நான் இதுல முதல் தடவை உக்கார்றேன். இப்படிக் காலை நீட்டியும் எட்ட மாட்டேங்குது பாருங்க. என்ற பையன் இத்தனை ஒசரமா வளந்துபோட்டான்னு பெத்தவளுக்கே தெரியலீங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்துபோனது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக மஜீத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இதைத் தொடலைதானுங்க பாய்?"

வண்டி விஷயத்தில் மஜீத் பொய் சொன்னதே இல்லை. ஒரு நட்டைக் கழற்றி மாட்டினாலும் சொல்லிவிடுவார். அந்தப் பெயரை வைத்துத்தான் பட்டறையே ஓடுகிறது.

"தொடலீங்கம்மணி. அந்தச் சீட்டுல நான் கையே வெக்கலீங்க. பெடலை நீட்டி வெல்டு வெச்சுத் தாரேன். பொழுது சாயறதுக்குள்ள நீங்களே ஓட்டிட்டுப் போலாம்."

பத்மாவதி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் வேலைக்கு வழிவிட்டு இறங்கி நின்றார்.

வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஜீத் பெடலுக்குக் குனிந்தார். கண்ணாடிக்குள் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. தரைத்தகட்டை வெட்டுவதற்காக வண்டி வந்த வாரமே அந்தச் சீட்டைக் கழற்றி வெளியே வைத்ததும், பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே தான் மல்லாந்து படுத்து வயரிங் பார்க்க இடம் வேண்டுமென்று அதைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி மாட்டியதும் அவர்தான்.