மூன்று சிரிப்பு பாக்கி

மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே நின்ற சுவரை இடித்துத் தள்ள வந்த மகத்தான கருவி 'நல்லுறவு வில்லை' என்று பாலிடெக்னிக் விழாவில் பிரின்சிபால் முழங்கினார். நடைமுறையில், தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் அது. கூட வேலை செய்பவர்கள் எத்தனை தரம் சிரித்தார்கள் என்று எண்ணும். முந்நூறு சேர்ந்தால்தான் தேர்ச்சி.

கோவை பம்ப்செட் கம்பெனியில் அன்று சௌடேஸ்வரிக்குக் கடைசி நாள். முந்நூறுக்கு இன்னும் மூன்று சிரிப்பு குறைந்தது. ஃபிட்டர்கள் எல்லாரும் காலையிலிருந்தே மற்ற மாணவர்களுக்குச் சிரித்துச் சிரித்துத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர் சூப்பர்வைசர் நாச்சிமுத்து ஒருவர்தான்.

"அண்ணா, ஒரு ஜோக் சொல்லட்டுங்களா?"

"சுருக்கா சொல்லு கண்ணு. இன்னைக்கு வெடியால அஞ்சு மணிக்கு எங்கக்கா போய்ச் சேந்துட்டா. நாலு மணிக்கு எடுக்கறாங்க. மூணு கொறையுதுன்னு நேத்து சொன்னியே, அதான் வந்துட்டுப் போலாம்னு."

"ஐயோ... எந்த அக்காங்ண்ணா?"

"இருந்ததே ஒருத்திதான். நீ ஜோக்கைச் சொல்லு."

மாப்பிள்ளை மோட்டார் போட்ட கதையைச் சொன்னாள். முப்பதாவது தடவை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. நாச்சிமுத்து உதட்டை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தபோது தோள் குலுங்கியது, தொண்டையிலிருந்து விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வில்லை மூன்று தரம் மணியடித்துப் பச்சையானது. 'மனம்விட்டுச் சிரித்தார். சரிதானா?' என்று கேட்டது.

சௌடேஸ்வரி 'சரி' என்பதை அழுத்தினாள்.