ஒரு பாக்கெட் உப்பு

"அந்தம்மாவை இனிமே உள்ளே விடாதீங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்ற வாடிக்கையாளருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. இரண்டு தோளிலும் பெரிய துணிப்பைகள். இரண்டிலும் பச்சை மரம் அச்சடித்திருந்தது.

"என்ன சார் நடந்தது?"

"பில் போட நின்னேன். பையை அந்தப் பொண்ணுகிட்ட நீட்டினேன். பின்னாலேர்ந்து ஒரு குரல். 'கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க'ன்னு. அத்தனை பேர் முன்னாடி என் மானமே போச்சு."

"கையில ஒரு பாக்கெட் உப்பு வெச்சிருந்தாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாமல் என்ன? கடை முழுக்கத் தெரியும். சாயங்காலம் கூட்டம் சேரும் நேரம் பார்த்து அந்தம்மா வருவார். வாங்குவது ஒரே ஒரு பாக்கெட் உப்பு. மற்ற கவுண்ட்டர்களில் வரிசை சின்னதாக இருந்தாலும் மூன்றாம் கவுண்ட்டரில்தான் நிற்பார். பில் போட்ட பிறகும் நகர மாட்டார். வருகிறவர்களையெல்லாம் அவரவர் பையை அவரவரே நிரப்பச் சொல்லி விரட்டுவார். முடியாதவர் யாராவது வந்தால் தானே நிரப்பிக் கொடுப்பார், அதையும் முணுமுணுத்துக்கொண்டே. கடை ஆட்கள் அவருக்கு 'உப்பு பாக்கெட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பிளாஸ்டிக் பையை நிறுத்தியதிலிருந்துதான் இந்தக் கூத்து. முன்பெல்லாம் கொக்கியில் தொங்கும் பைக்குள் சாமானைத் தள்ளிவிட்டால் போதும். இப்போது ஆளுக்கொரு தினுசில் பை. அதை விரித்து, குனிந்து கீழே வைத்து நிரப்பி, மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். அது பில் போடுகிறவர் வேலை என்று மேனேஜர்தான் உத்தரவு போட்டிருந்தார். அவர் ஒரு பையைக்கூட நிரப்பிப் பார்த்ததில்லை.

மேனேஜர் எழுந்து போனார். உப்பு பாக்கெட் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். பில் போடும் பெண் ஒரு எண்ணெய் டின்னைப் பைக்குள் வைக்கக் குனிந்தாள்.

"நீ எதுக்குக் குனியறே? பில் போடற வேலையை மட்டும் பாரு."

அதட்டலில் அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இது உங்க வீடா? என் ஆளை நீங்க எதுக்கு விரட்டறீங்க?"

"நான் சாமான் வாங்க வந்தவ."

"உப்பு வாங்க இவ்வளவு நேரமா? தினமும் வாங்கிட்டுப் போய் அதை என்னதான் பண்றீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நாளையிலேர்ந்து நீங்க இங்க வர வேண்டாம்."

நல்ல பதிலடியாக வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வாய் அப்படிப்பட்ட வாய். ஆனால் அந்தம்மா பில் போடும் பெண்ணை ஒரு தடவை பார்த்தார். உப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் வெளியே போய்விட்டார்.

"விட்டுது தொல்லை," என்றார் மேனேஜர்.

வேலை முடிந்ததும் அந்தப் பெண் அவர் மேஜை முன் வந்து நின்றாள்.

"சார், நாளையிலேர்ந்து நானும் வரலை."

"ஏம்மா? வேற கடையில கூப்பிட்டாங்களா?"

"இல்ல சார். எனக்கு இந்த வேலை வேணும், ரொம்ப வேணும். ஆனா அவங்க இல்லாம என்னால அந்தக் கவுண்ட்டர்ல நிக்க முடியாது."

"யாரு, உப்பு பாக்கெட்டா? உன்னைத்தானே ஓயாம அதட்டிக்கிட்டு இருந்தாங்க?"

"அவங்க என் மாமியார் சார்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாசமா இருக்கேன். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை. வெயிட் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இங்க சொன்னா வேலை போயிடுமோன்னு பயம். அத்தைதான், 'நீ வாயைத் திறக்காதே, என்னைத் தெரிஞ்சதாவும் காட்டிக்காதே. கெட்ட பேர் வந்தா எனக்கு வரட்டும்'னாங்க. சும்மா நின்னா துரத்திடுவாங்கன்னுதான் தினமும் ஒரு பாக்கெட். கடையிலேயே விலை கம்மி உப்புதானே சார்?"

சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"வீட்டுல பாத்திரம் வைக்க இடமில்லை. எங்க பார்த்தாலும் உப்புதான்."

மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

"நாளைக்கு வாம்மா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம். பச்சை மரப் பைக்காரர் மூன்றாம் கவுண்ட்டருக்கு வந்ததும் நாலு பக்கமும் பார்த்தார். உப்பு பாக்கெட் கண்ணில் படவில்லை. நிம்மதியாகப் பைகளைப் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு சார்?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். கவுண்ட்டருக்குப் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தது மேனேஜர்.

"அந்தப் பையை நீங்க நிரப்புங்க. இதை நான் நிரப்பறேன்."

பில் போடும் பெண்ணுக்குப் புதிதாக ஒரு நாற்காலி வந்திருந்தது. அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி பில்லை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.

வரிசையின் கடைசியில், யார் கண்ணிலும் படாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றிருந்த அந்தம்மா எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையிலிருந்த உப்பைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார்.