அற்புதசாமியின் சிரிப்பு

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடக்கும் சீரியல் அது. கதாநாயகியின் இறந்துபோன அப்பா என்று சுவரில் தொங்குவது லைட்மேன் அற்புதசாமியின் படம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவருக்கு நெற்றியில் நாமம் இட்டு, உதட்டை மூடச் சொல்லி எடுத்த ஒரே படம். டைட்டிலில் அவர் பேர் வராது. முகம் தினமும் வரும்.

செத்தவராக நடித்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆகாது என்பது யூனிட் வழக்கம். அந்தச் சுவர் வரும் ஷாட்டை எடுக்கும் நாளெல்லாம் அற்புதசாமியும் வந்து நின்று சிரித்துவிட்டுப் போவார். நேற்று அவர் காய்ச்சலோடு தொட்டியத்து வீட்டில் படுத்திருந்தார். சுவரை எடுத்தார்கள். சிரிப்பு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்று காலை, கன்டின்யூட்டி பார்க்கும் அனுசுயா நேற்று செல்போனில் எடுத்ததைச் சுவரோடு ஒப்பிட்டாள். மாலை சரி. சந்தனப் பொட்டு சரி. செல்போனில் அற்புதசாமியின் உதடு மூடியிருந்தது. சுவரில் பல் தெரிந்தது.

"படத்த நான் தொடவே இல்லைங்க" என்றான் ஆர்ட் அசிஸ்டென்ட் பாலு.

அவள் தொட்டியத்துக்கு போன் செய்தாள். அற்புதசாமியின் மனைவி வியாகுலம்மாள் எடுத்தார்.

"காய்ச்சல் விட்டுருச்சும்மா. கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குறாரு. தூக்கத்துல என்னமோ சிரிச்சுக்கிட்டே இருக்காரு. எழுப்பட்டுமா?"

"எழுப்புங்க."

வியாகுலம்மாள் கணவரைக் கூப்பிடுவது போனில் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அலறலாக.

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் உதடு மூடியிருந்தது. நேற்றைய படத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்தியது.